சாரல் காலத்துல தூத்துற வேலைய எப்படிக் கொறைச்சேன்

அம்மாவுக்கு முட்டி தேஞ்சு போச்சு, அதுல இருந்துதான் இது ஆரம்பம். எழுபத்திரெண்டு வயசு வரைக்கும் காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு வாசத் தெளிச்சு, தார்சா (வாசல ஒட்டுன முன் ரூமு), பட்டாசல் (நடு ஹாலு), ரெண்டு ரூமு, அடுப்பங்கரை, புறவாசல்னு மொத்த வீட்டையும் குனிஞ்ச முதுகு நிமிராம தூத்தி வாரினவ, இப்ப டாக்டர் குனியவே கூடாதுன்னுட்டாரு. வீட்டுக்காரி தென்காசிக்கு வேலைக்குப் போறா, ஏழரை பஸ்ஸ விட்டா அடுத்ததுல நிக்கக்கூட எடம் கெடைக்காது. நான் வீட்டை ஒட்டியே மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்கேன், ஒம்பதரைக்குத் தொறந்தாப் போதும். அப்புறம் யாரு கையில வாரியல் வரும்னு சொல்லவா வேணும்.

மொத வாரம் அம்மா பண்ணத அப்படியே பண்ணேன். போன்ல டைமர் வச்சுப் பாத்தேன், தூத்தி, தொடச்சு, அடுப்பு மேடை, பாத்ரூம் எல்லாம் சேத்து ஒண்ணேகால் மணி நேரம். முடிச்சுட்டுக் கடையில போய் உக்காந்தா இடுப்பு விண்ணு விண்ணுன்னு தெறிக்கும், மத்தியானம் சாப்பிட வந்தா காலையில தொடச்ச எடத்துலயே கால் நரநரன்னும். கடையில ஒரே மோட்டார் மூணு தடவ எரிஞ்சு வந்தா காயில மட்டும் மாத்தி மாத்திக் குடுத்துட்டு இருக்க மாட்டோம்லா, பேரிங் இறுகியிருக்கா, வோல்டேஜ் கம்மியா வருதா, தண்ணி உள்ள போகுதான்னு பாப்போம். வீட்டுக்கும் அதே மாதிரி ஒருவாட்டி பாத்துருவோம்னு தோணுச்சு.

வீடு செங்கோட்டையில. தாத்தா கட்டுனது, ஊரு திருவாங்கூரோட இருந்த காலத்துலயே கட்டிட்டாரு (1956 நவம்பர் 1ல தான் செங்கோட்டை இந்தப் பக்கம் சேந்துச்சு). ஓட்டுக் கூரை, உள்ள பூராம் சிவப்பு ஆக்சைடு போட்ட தரை, ஒவ்வொரு ரூமுக்கும் நாலு இஞ்சு ஒசர நிலைப்படி. மேக்க பாத்தா மலை, அந்த மலையில புளியரை, ஆரியங்காவு பக்கம் ஒரு எடவெளி, ஜூன்ல இருந்து ஆகஸ்ட் முடிய மேகாத்து அந்த எடவெளி வழியா பிச்சுக்கிட்டு வரும். குத்தாலத்துக்கு வாறவங்களுக்கு அது சாரல், சீசன், ஜிலுஜிலுன்னு காத்து. எங்களுக்கு அது துணி காயாத காலம், சுவரு பூசணம் பூக்குற காலம். இதுபோக கொல்லம் ரோட்டுல வைக்கோல் ஏத்துனது, எம் சாண்ட் ஏத்துனது, காய்கறி ஏத்துனதுன்னு லாரி ராத்திரி பகலாப் போகுது, எங்க தெரு அந்த ரோட்டுக்கு ரெண்டு முடுக்கு தள்ளித்தான்.

தூசி எங்க இருந்து வருதுன்னு கண்டுபிடிக்க ஒரு சின்ன வேலை பண்ணேன். பழைய வெள்ளை வேட்டி ஒண்ணக் கிழிச்சு கைக்குட்டை அளவுல நாலு துண்டு, தண்ணியில நனைச்சு நல்லாப் பிழிஞ்சு, நடையில ஒண்ணு, மேக்கு ஜன்னல் திட்டுல ஒண்ணு, அடுப்பங்கரை பிரிட்ஜ் மேல ஒண்ணு, பட்டாசல் நடுவுல கட்டிலுக்கு அடியில ஒண்ணு போட்டு வச்சேன். ஒரு நாள் கழிச்சு எடுத்துப் பாத்தா நாலும் நாலு நெறம். நடையில போட்டது செம்மண்ணு, மிதிச்ச தடம் அச்சு மாதிரி. ஜன்னல்ல கருப்பும் பழுப்புமா நைசான பொடி, விரல்ல தேச்சா மாவு மாதிரி. பிரிட்ஜ் மேல இருந்தது பிசுபிசுன்னு மஞ்சள். கட்டிலுக்கு அடியில இருந்ததுதான் எனக்கு ஆச்சரியம், மண்ணே இல்ல, பூராம் நூலு, பஞ்சு, முடி. அதாவது நம்ம துணியும் நம்ம தோலும்தான். நாலையும் வாசத் திண்ணையில வரிசையா வச்சு அம்மாகிட்ட காட்டுனேன், பாத்துட்டு, "எய்யா, இதுல ரெண்டு தானா வருது, ரெண்டு நீங்க பண்றது"ன்னா. அம்புட்டுதான் விஷயம்.

மொதல்ல நடை. செருப்பு ஸ்டாண்டு உள்ள தார்சாவுல இருந்துச்சு, அதத் தூக்கி வெளித் திண்ணைக்கு மாத்துனேன். வெளிய ஓட்டு நெழல்ல நல்ல கனமான ஆலப்புழை கயிறு மிதியடி, கொஞ்சம் நீளமானது, ரெண்டு காலும் ரெண்டு தடவையாவது மிதிச்சுத்தான் உள்ள வர முடியும். குட்டி மிதியடி போட்டா எல்லாரும் ஒரே தாண்டா தாண்டிருவாங்க, எங்க வீட்டுலயே பாத்துருக்கேன். உள்ள நிலைப்படி தாண்டுனதும் காடாத் துணி மிதியடி, ஈரத்தையும் பொடியையும் இது எடுத்துக்கும். கயிறு மண்ணச் சொரண்டும், துணி மிச்சத்த உறிஞ்சும், ரெண்டும் ரெண்டு வேலை, ஒண்ணு இருந்தா இன்னொண்ணு வேணாம்னு நெனைக்கக் கூடாது. ஆனா மொத தடவ கயிறு மிதியடிய திண்ணை ஓரத்துல போட்டுட்டேன், சாரல் அடிச்சு ரெண்டே நாள்ல ஊறி ஒரு வாடை வந்துச்சு பாருங்க, செத்த எலியத் தேடுன மாதிரி வீடு பூராம் தேடுனோம். சுவர ஒட்டி உள்ள தள்ளிப் போட்டதும் சரியாச்சு. ரெண்டு நாளைக்கு ஒருக்கா அதத் தூக்கி திண்ணை தூண்ல நாலு அடி. விழுற மண்ணப் பாத்தா இதெல்லாம் முன்னாடி உள்ள வந்துட்டு இருந்துச்சான்னு தோணும்.

அடுத்து ஜன்னல். கொசுவலை அடிச்சா தூசியும் நிக்கும்னு நெனைச்சு மேக்கு ஜன்னல் மூணுக்கும் ஒட்டுற டேப்போட வலை மாட்டுனேன். வெயில் காலமா இருந்தா நின்னுருக்கும். சாரல்ல வலை நனைஞ்சு, நனைஞ்ச வலையில தூசி ஒட்டி, சேறாகி, அப்புறம் காத்தடிக்க அந்தச் சேறு பொட்டுப் பொட்டா உள்ள தெறிச்சு, குளிக்கப் போய் சேத்தப் பூசிக்கிட்ட கதை. இதுக்குத் தீர்வு ஜன்னல்லயே இருந்துச்சு. பழைய வீட்டு ஜன்னலுக்கு மேல் கதவு, கீழ் கதவுன்னு தனித்தனியா இருக்கும், நாங்க எப்பவும் நாலையும் தொறந்து போடுறதுதான் பழக்கம். காத்து சீசன்ல மேக்கு பக்கம் கீழ் கதவு ரெண்டையும் மூடிட்டு மேல மட்டும் தொறந்து வச்சேன், கெழக்க முழுசாத் தொறந்துட்டேன். காத்தோட்டம் கொறையல, தரை மட்டத்துல அடிச்சுட்டு வர்ற மண்ணு பாதிக்கு மேல நின்னுருச்சு. இத எதிர்த்த வீட்டுச் சேச்சிகிட்ட பெருமையாச் சொன்னேன், ஆரியங்காவுல பொறந்து இங்க வாக்கப்பட்டவங்க. "அண்ணா, இது எங்க அம்மூம்மா பண்றதாணு, மேல் கதவு காத்துக்கு, கீழ் கதவு கள்ளனுக்கு"ன்னு சிரிச்சிட்டுப் போயிட்டாங்க.

அடுப்பங்கரை விஷயம் வேற மாதிரி. எண்ணெய் ஆவி மேல ஏறி ஆறி எங்கயாச்சும் உக்காருது, உக்காந்து கொஞ்ச நாள் ஆச்சுன்னா காத்துப்பட்டு இறுகி வார்னிஷ் மாதிரி ஆயிருது. காயிலுக்கு நாங்க அடிக்கிற வார்னிஷ் காயிற மாதிரியேதான், அதனால எனக்கு இது சட்டுனு புரிஞ்சிருச்சு. அன்னைக்கே தொடச்சா ஒரு ஈரத்துணி போதும், ஒரு மாசம் விட்டா கத்தி வச்சுச் சொரண்டணும். ஆக இதுல சோம்பேறித்தனத்துக்கு ஒத்து வர்ற வழி தெனமும் தொடைக்கிறதுதான், கேக்க முரணா இருக்கும். தாளிச்சு முடிச்சு அடுப்பு வெதுவெதுன்னு இருக்கும்போதே, பாத்திரம் கழுவுற லிக்விட் நாலு சொட்டு விட்ட கரித்துணியால மேடையையும் பின்னாடி டைல்ஸையும் ஒரு இழுப்பு, ஒரு நிமிஷம் ஆகாது. பிரிட்ஜ் மேல, அலமாரி மேலன்னு கை எட்டாத எடத்துல பழைய பேப்பர் விரிச்சிட்டேன், ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா சுருட்டி எறிஞ்சுட்டு புதுசு போட்டா தீந்துச்சு.

எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கைய மட்டும் சலவைச் சோடா கலந்த சுடுதண்ணியில ஊறப் போட்டேன், அது பிளாஸ்டிக், அதனால சரி. அலுமினிய இறக்கைனா சோடாவுல போடாதீங்க, கருத்துப் போயி மேல்பூச்சு அரிச்சிரும். இட்லித் தட்டுக்கும் இதே கதிதான். மோட்டார் பக்கம் தண்ணி விடாதீங்கன்னு நான் சொல்லியா தெரியணும், அப்படி விட்டு எங்கிட்ட வந்தது இந்த வருஷம் நாலு ஃபேன்.

இந்த ஊறப் போடுறதப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். கடைக்கு வாஷிங் மெஷின் மோட்டார் கொண்டு வர்ற மெக்கானிக் ஒருத்தரு, கம்பெனி ட்ரெயினிங்ல படிச்சதுன்னு ஒரு வட்டத்த என் பில் புக் பின்னாடி வரைஞ்சு காட்டுனாரு. ஹென்கெல் கம்பெனியில இருந்த ஹெர்பர்ட் சின்னர்னு ஒரு ஜெர்மன்காரர் 1959ல சொன்னதாம். அழுக்கு போக நாலு விஷயம் வேணும்: மருந்து, தேய்ப்பு, சூடு, நேரம். ஒண்ணக் கொறைச்சா மத்ததுல ஒண்ணக் கூட்டியாகணும், மொத்த வட்டம் மாறாது. இதக் கேட்டதும் எனக்கு மண்டையில தேங்கா விழுந்த மாதிரி இருந்துச்சு. எங்க வீட்டுல அம்மா காலத்துல இருந்து மொத்த வட்டமும் தேய்ப்பு மட்டும்தான். லிக்விட ஊத்துன அடுத்த நொடி பிரஷ்ஷ எடுத்துருவோம். இப்ப நான் காலையில பல் விளக்கும்போதே டாய்லெட்ல லிக்விட ஊத்திட்டு வந்துருவேன், காப்பி குடிச்சு பேப்பர் பாத்துட்டு இருபது நிமிஷம் கழிச்சுப் போனா பிரஷ் ரெண்டு சுத்து, தண்ணி, அவ்வளவுதான். நேரம் சும்மாதானே கெடக்கு, அதச் செலவு பண்றதுக்கு யாருக்கு என்ன வலி.

பாத்ரூம் குழாயில உப்புக் கறை. எங்க போர் தண்ணி சரியான உப்பு, காஞ்சா வெள்ளை வெள்ளையா அப்பிரும், அது சுண்ணாம்பு வகை, சோப்புக்கு அசையாது, புளிப்புக்குத்தான் அசையும். அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணியில ரெண்டு ஸ்பூன் எலுமிச்சை உப்பு, அதான் சிட்ரிக் ஆசிட், மளிகைக் கடையில கெடைக்கும். அதுல துணிய நனைச்சு குழாயச் சுத்திப் போட்டேன், ஷவர் தலைக்கு பிளாஸ்டிக் கவர்ல ஊத்தி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுனேன், ஒரு மணி நேரம் கழிச்சுக் கழுவுனா ஓட்டை ஓட்டையா தண்ணி நேரா வருது. எங்க போன்ல வர்ற வீடியோல பேக்கிங் சோடாவும் வினிகரும் சேத்து நொரைக்க விடுவாங்க, அது பாக்கத்தான் அழகு, புளிப்பும் காரமும் ஒண்ண ஒண்ணு அடிச்சு கடைசியில ரெண்டுமே இல்லாத தண்ணிதான் மிச்சம். கறை திரும்ப வராம இருக்க, குளிச்சதும் சுவரையும் தரையையும் வைப்பரால ஒரு இழுப்பு. பையன் மட்டும் இன்னும் பண்ண மாட்டேங்கான்.

இனி நான் பண்ண கூத்து. எலுமிச்சை உப்பு நல்லா வேலை செஞ்ச தைரியத்துல, அடுப்பங்கரை அங்கணத்துல, அதான் பாத்திரம் கழுவுற எடத்துல, வருஷக்கணக்கா இருந்த கறைக்கு இன்னும் ஸ்ட்ராங்கா ஏதாச்சும் போடலாம்னு பாத்ரூம் ஆசிட்ட கொஞ்சம் ஊத்துனேன். அங்கணம் வெளுத்துச்சு. கூடவே அங்கணத்துல இருந்து தெறிச்சும் வழிஞ்சும் சிவப்புத் தரையில போனது நான் பாக்கல, புஸ்ஸுன்னு சின்னதா நொரை கட்டுனப்பதான் பாத்தேன். ஆக்சைடு தரைன்னா அடியில சிமெண்டுதான, ஆசிட் பட்டா சிமெண்ட அரிச்சு, மேல இருந்த பளபளப்பத் தின்னுட்டு, இலங்கை மேப் மாதிரி வெளுத்த திட்டு ஒண்ண விட்டுட்டுப் போச்சு. தாத்தா காலத்துல கொத்தனாரு கல்லு வச்சு நாள் கணக்குல தேச்சு மினுக்குன தரை. பதறிப் போய் பக்கத்துல இருந்த பிளீச்சிங் பவுடர எடுத்தேன், எதுக்கு எடுத்தேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கே தெரியல, வீட்டுக்காரி கதவுகிட்ட இருந்தே "ஏங்க, அத வைங்க கீழ!"ன்னு போட்ட சத்தத்துல வச்சுட்டேன். ஆசிட் மேல பிளீச்சிங் பவுடர் விழுந்தா குளோரின் வாயு வரும், சின்ன அடுப்பங்கரையில அது விளையாட்டு இல்ல. அவ ஜன்னலையும் புறவாசலையும் தொறந்துவிட்டு பக்கெட் பக்கெட்டாத் தண்ணி ஊத்துனா.

திட்ட சரி பண்ண நாலு நாள் மெனக்கெட்டேன். நல்லாக் காய விட்டு, தேங்காண்ணெயில சிவப்பு ஆக்சைடு பொடியக் கொஞ்சமா குழைச்சு, துணியில தொட்டு வட்டம் வட்டமாத் தேச்சு, மறுநாள் தொடச்சு, திரும்பத் தேச்சு. நெறம் முக்கால்வாசி வந்துருச்சு, சாஞ்சு பாத்தா நெழல் இன்னும் தெரியும். மொத நாள் எண்ணெய அதிகமாப் போட்டு அதுல தூசி ஒட்டி அது தனிக் கதை. அம்மா ஒண்ணும் சொல்லல, ஒரு பாயக் கொண்டாந்து அது மேல போட்டுட்டா. அதுதான் ரொம்ப வலிச்சுச்சு. சிவப்புத் தரை, மொசைக், மார்பிள் இருக்கிறவங்க எலுமிச்சை உப்பக்கூட தரையில விட்டுறாதீங்க, குழாயோட நிறுத்திக்கோங்க. எங்க தரைக்கு இப்ப வெறும் தண்ணி, வாரத்துல ஒருநாள் ஷாம்பு அளவுக்கு லேசான சோப்பு, வேற ஒண்ணும் கெடையாது.

பூசணம் சின்ன விஷயமா முடிஞ்சுச்சு. மேக்குச் சுவர ஒட்டி பீரோ, அது பின்னாடி வருஷா வருஷம் கருப்பாப் பூக்கும், வருஷா வருஷம் தொடச்சுச் சுண்ணாம்படிப்போம். இந்தத் தடவ தொடச்சுட்டு பீரோவ மூணு இஞ்சு முன்னாடி இழுத்து விட்டேன், காத்து போற அளவுக்கு. சுவர் வெளிப்பக்கம் ஓடு நகந்து தண்ணி இறங்குன எடத்தையும் சரி பண்ணேன். இந்த சீசன்ல பூக்கல. கர்க்கடக மாசம், அதான் நம்ம ஆடி, பொறக்குறதுக்கு முன்னாடி கேரளாவுல வீட்ட ஒதுங்க வச்சு மூதேவிய வெளிய விரட்டுற சடங்கு சில ஊர்ல உண்டுன்னு சேச்சி சொல்லுவாங்க. எங்க வீட்டு மூதேவி பீரோவுக்குப் பின்னாடிதான் இருந்துருக்கா.

வாங்கலாம்னு நெனைச்சு வாங்காதது ஒண்ணு இருக்கு, தானா ஓடுற ரோபோ வாக்குவம். மச்சான் பெங்களூர்ல வச்சிருக்கான், லீவுக்கு வரும்போது கொண்டாந்து விட்டுப் பாத்தான். பட்டாசல்ல ஜம்முன்னு ஓடுச்சு, நிலைப்படியில போய் முட்டிச்சு, திரும்புச்சு, முட்டிச்சு, கடைசியில கட்டிலுக்கு அடியில போய் சார்ஜ் தீந்து படுத்துக்கிச்சு. அம்மா குனிய முடியாம வாக்கிங் ஸ்டிக்கால அத வெளிய தள்ளி எடுத்தா.

நான் வாங்குனது கம்புல மாட்டுன வாரியலும் முறமும்தான், நின்னுக்கிட்டே அள்ளலாம். பூ வாரியல் புதுசுன்னா மொத வாரம் தூத்துறத விட அதிகமா அதுவே கொட்டும், வாங்குனதும் வெளிய வச்சு நல்லாத் தட்டி, தண்ணியில ஒரு அலசு அலசிக் காய வச்சுட்டா அந்தத் தொல்லை இல்ல. அப்புறம் ஒரு வாரியல வச்சுக்கிட்டு வீடு பூராம் நடக்காம, அடுப்பங்கரைக்கு ஒண்ணு, தார்சாவுக்கு ஒண்ணு, புறவாசலுக்கு ஈக்கி வாரியல் ஒண்ணு, பாத்ரூம் ஆணியில வைப்பர். காசு முன்னூறு ரூவா கூடுதல். ஆனா கண்ணுக்கு முன்னாடி தொங்குனா கை தானா எடுக்கும், போய் எடுத்துட்டு வரணும்னா அப்புறம் பாப்போம்னு ஆயிரும், இது கடையில ஸ்குரூட்ரைவர் விஷயத்துலயே தெரிஞ்சதுதான். சீலிங் ஃபேனுக்கு பழைய தலகாணி உறை, இறக்கைய உள்ள விட்டு இழுத்தா நூலாம்படை, தூசி எல்லாம் உறைக்குள்ளயே விழும், கண்ணுல விழாது. தூத்தும்போது ஃபேன அமத்திருங்க. நான் முப்பது வருஷமா ஃபேன் ஓடத் தூத்துற வீட்டுல இருந்தவன்.

செப்டம்பர் கடைசியில திரும்ப டைமர் வச்சேன். முப்பத்தஞ்சு நிமிஷம், அதுலயும் தரை தொடைக்கிறது தெனமும் இல்ல, ஒருநாள் விட்டு ஒருநாள். அம்மாவுக்கு இதுல முழுச் சம்மதம் இல்ல. தெனமும் தொடைக்காத வீடு ஒரு வீடான்னு மொனங்குவா, நான் கடைக்குப் போனதும் கம்பு வாரியல எடுத்து நின்னுக்கிட்டே வாசலத் தூத்துறான்னு சேச்சி சொல்லித்தான் தெரியும். முட்டிக்கு ஒண்ணும் ஆகலைன்னா எனக்கு அதுல புகார் இல்ல.

நேத்து காலையில தார்சாவுல கால் வச்சேன், நரநரன்னுச்சு. மேக்கு ஜன்னல் கீழ் கதவு மூடித்தான் இருக்கு, மிதியடி அடிச்சு ஒருநாள்தான் ஆச்சு. கெழக்கு ஜன்னல் திட்டுல விரல வச்சு இழுத்துப் பாத்தா கருப்பாக் கோடு விழுது. ஐப்பசி வந்துருச்சு, காத்து திரும்பி கெழக்க இருந்து அடிக்க ஆரம்பிச்சிருச்சு, நான்தான் அந்தப் பக்கம் முழுசாத் தொறந்து போட்டுருக்கேன். அந்த ஜன்னலுக்குக் கீழ் கதவே கெடையாது, கரையான் அரிச்சு அப்பா காலத்துலயே கழட்டியாச்சு. ஆசாரிக்குப் போன் பண்ணிருக்கேன், வெள்ளிக்கெழமை வாறேன்னுருக்காரு.